முரண்நகை: யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது?

மன்னன் அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குப் பகை மன்னன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்கிறது புறநானூற்றின் 95ஆம் பாடலுக்கான பழைய குறிப்பு. வரிசையாக நின்ற வேல்களைப் பார்த்துவிட்டு அவர் பாடினார்:

இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டி,
கண்திரள் நோன்காழ் திருத்தி, நெய்அணிந்து,
கடியுடை வியன்நக ரவ்வே, அவ்வே,
பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து,
கொல்துறைக் குற்றில மாதோ...

இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்திருக்கின்றன, மாலை சூடியிருக்கின்றன, காம்பு திருத்தி நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகைக்குள் இருக்கின்றன. அங்கே இருப்பவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. ‘அங்கே’ என்பது எங்கே? பாட்டின் கடைசியில்தான் விடை வருகிறது. இருக்கும்போது பிறருக்குக் கொடுத்து, இல்லாதபோது உடனிருந்து பகிர்ந்து உண்ணும் எங்கள் தலைவனின் வேல்கள் அவை.

பள்ளி நாட்களில் இந்தப் பாட்டை இரண்டு ஆயுதசாலைகளின் வருணனையாகவே மனப்பாடம் செய்தேன். ஒன்று அழகாக இருக்கிறது, மற்றொன்று பழுதாகிக் கிடக்கிறது, அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோதுதான் சட்டென்று புரிந்தது: வேல் எதற்காகச் செய்யப்படுகிறது? அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பாட்டு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. மாலை சூடிய வேல் போரைக் காணாத வேல். நுனி முறிந்த வேல் வென்று வந்த வேல். ‘உன் வீரர்களுக்குப் போர்ப் பழக்கம் இல்லை, எங்களோடு மோதாதே’ என்பதுதான் செய்தி. ஆனால் அப்படி ஒரு சொல் பாட்டில் எங்குமே இல்லை. தொண்டைமான் கோபப்படவும் வழியில்லை. அவனுடைய கொட்டிலைப் புகழ்ந்துதானே பேசியிருக்கிறார்!

இதைத்தான் இன்றைய திறனாய்வு முரண்நகை என்று அழைக்கிறது. முரண் என்றால் மாறுபாடு, நகை என்றால் சிரிப்பு. ‘சொல்வதற்கு எதிரான பொருள் தருவது முரண்நகை’ என்றுதான் பெரும்பாலும் வரையறுக்கிறார்கள். தொடங்குபவர்களுக்கு இந்த வரையறை ஒரு கைப்பிடி. ஆனால் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் ஔவையாரின் பாட்டுகூடப் பிடிபடாது. ஏனென்றால் அவர் எதையும் எதிராகச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. தொண்டைமானின் வேல்கள் உண்மையிலேயே மாலை சூடியிருந்தன. அதியமானின் வேல்கள் உண்மையிலேயே முறிந்திருந்தன. மாறுபாடு சொல்லுக்குள் இல்லை. சொல்லப்பட்டதற்கும், அதைக் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதற்கும் நடுவில் இருக்கிறது.

அந்த நடுவெளிதான் முரண்நகையின் வீடு என்பது என் எண்ணம். யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது என்று கேட்டுப் பார்த்தால் கவிதையோ கதையோ நாடகமோ எதில் இருந்தாலும் முரண்நகையைக் கண்டுபிடித்துவிடலாம்.

‘ஐரனி’ என்ற மேலை நாட்டுச் சொல்லின் வரலாறும் இதையே காட்டுகிறது. அதன் வேர் ‘ஐரோனேயா’ என்ற கிரேக்கச் சொல். தெரியாததுபோல் நடிப்பது என்று பொருள். பண்டைக் கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் ‘ஐரோன்’ என்று ஒரு பாத்திர வகை உண்டு. தன்னைக் குறைத்துக் காட்டிக்கொண்டே, எதிரில் நிற்கும் தற்பெருமைக்காரனை வீழ்த்திவிடும் ஆள். தத்துவஞானி சாக்ரடீஸ் எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள் என்று கேள்விமேல் கேள்வி கேட்டு, எல்லாம் தெரிந்ததாக நினைத்தவர்களைத் திணறவைத்ததும் இந்தப் பெயராலேயே குறிக்கப்பட்டது. தன் தலைவனின் வேல்கள் பட்டறையில் கிடப்பதாகக் குறைத்துச் சொன்ன ஔவையாரும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறார்.

‘முரண்நகை’ என்ற பெயர் புதிது. பொருள் தமிழுக்குப் புதிதல்ல. அங்கதத்தை, அதாவது பழித்துப் பாடுவதை, செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இரண்டாகப் பிரிக்கிறது தொல்காப்பியத்தின் செய்யுளியல். வெளிப்படையாகத் திட்டினால் செம்பொருள், அது வசை. பழியை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. அதே செய்யுளியல் இன்னோர் இடத்தில், எழுத்தோடும் சொல்லோடும் சேராமல் பொருளுக்குப் புறத்தே நிற்பது குறிப்பு மொழி என்கிறது. சொல்லுக்கு வெளியே நிற்கும் பொருள்! இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை எந்தத் திறனாய்வு நூலிலும் நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த தண்டியலங்காரம் புகழ்வது போலப் பழிப்பதையும் பழிப்பது போலப் புகழ்வதையும் இலேச அணியோடு சேர்த்துப் பேசுகிறது. பாடநூல்களில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று நாம் படிப்பது இதைத்தான்.

வஞ்சப்புகழ்ச்சிக்கு எல்லா வகுப்பிலும் காட்டப்படும் எடுத்துக்காட்டு திருக்குறளின் கயமை அதிகாரத்தில் இருக்கிறது:

தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்.

கயவர்கள் தேவர்களுக்கு ஒப்பானவர்கள். ஏனென்றால் அவர்களும் தாம் விரும்பியதையெல்லாம் செய்து நடக்கிறார்கள். ‘புகழ்வது போலப் பழித்தல்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டு இந்தக் குறளைக் கடந்துபோய்விடுகிறோம். கொஞ்சம் நின்று, சொற்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள். முதலில் ‘தேவர் அனையர்’. அதைக் கேட்டதும் யாரோ உயர்ந்தவர்களைப் பற்றிய பேச்சு என்று மனம் நிமிர்கிறது. மூன்றாவது சொல் ‘கயவர்’. மனம் தடுமாறுகிறது, இது எப்படிப் பொருந்தும்? காரணம் இரண்டாம் அடியில்தான் வருகிறது. கேட்க யாரும் இல்லாத அதிகாரம் தேவர்களுக்கு உண்டு. கேட்டாலும் உறைக்காத மனம் கயவர்களுக்கு உண்டு. கட்டுப்பாடின்மை என்ற ஒரே இழையில் இரண்டு எதிர்முனைகளையும் கட்டிவிட்டார் வள்ளுவர். அதே அதிகாரத்தின் முதல் குறள் இன்னும் மென்மையாகக் குத்துகிறது. ‘மக்களே போல்வர் கயவர்’: கயவர்கள் பார்ப்பதற்கு மனிதர்களைப் போலவே இருப்பார்களாம், இத்தகைய ஒப்புமையை வேறெங்கும் கண்டதில்லையாம். ஒன்றை இன்னொன்றைப் ‘போல’ என்று சொல்ல வேண்டுமானால் இரண்டும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் ‘போல்வர்’ என்ற சொல்லின் கூர்மை தெரியும்.

பேதைமை அதிகாரத்திலும் இப்படி ஒன்று உண்டு. ‘பெரிதினிது பேதையார் கேண்மை’ என்று தொடங்குகிறது. பேதைகளின் நட்பு மிக இனியது. ஏன்? பிரியும்போது துன்பமே இருக்காது. நட்பின் பெருமையைப் பிரிவின் துயரத்தால் அளப்பது நம் இலக்கிய வழக்கம். அந்த அளவுகோலையே எடுத்துத் திருப்பிப் பிடித்திருக்கிறார்.

இப்படிச் சொல்லும் முறையிலேயே அமைவது சொல் முரண்நகை. இதை அதன் அண்டை வீட்டாரோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. பாரதியார் போலித் தேசபக்தர்களை ‘வாய்ச்சொல்லில் வீரரடி’ என்று சாடும்போது அது நேரடி வசை. தொல்காப்பியத்தின் கணக்கில் செம்பொருள். கேட்பவர் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொய்யும் முரண்நகை ஆகாது. பொய் சொல்பவர் உண்மையைக் கேட்பவர் அறியக்கூடாது என்று விரும்புகிறார்; முரண்நகையாகப் பேசுபவர் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறார்.

சிலேடை இன்னும் நெருங்கிய உறவு. நாகையில் காத்தான் என்பவருடைய சத்திரத்தைப் பற்றிக் காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் வெண்பா பலருக்கும் தெரிந்ததுதான்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பொழுது சாயும்போதுதான் அரிசி வரும், உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். பசியோடு காத்திருந்தவரின் புகார். பின்பு ‘ஊரடங்கும்’ என்பதற்கு ஊரின் பசி அடங்கும் என்றெல்லாம் பொருள் சொல்லி, இதே பாட்டைப் புகழாக மாற்றிக் காட்டினார் என்பது வழிவழியாக வரும் கதை. இங்கே சொற்களுக்கே இரண்டு பொருள் உண்டு. அதனால் இது சிலேடை. ஔவையாரின் பாட்டில் ‘மாலை’க்கும் ‘நெய்’க்கும் ஒரே பொருள்தான். மாறுவது சொல்லின் பொருள் அல்ல, அதை எடைபோடும் நம் கண்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ‘முரண்நகை’ என்ற பெயரில் உள்ள ‘நகை’ நம்மை ஏமாற்றிவிடுகிறது. கேலி, கிண்டல், சிரிப்பு என்று நினைத்துவிடுகிறோம். தமிழில் இருக்கும் மிகப் பெரிய முரண்நகை நம்மைச் சிரிக்கவைப்பதே இல்லை. அது சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகத்திலேயே முழுக்கதையும் சொல்லப்பட்டுவிடுகிறது. கோவலன் மதுரையில் கொல்லப்படுவான் என்பது முதல் காதை தொடங்கும் முன்பே நமக்குத் தெரியும். தெரியாதவர்கள் கதைக்குள் இருப்பவர்கள் மட்டும்தான். முடிவை முன்பே சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்தக் காப்பியத்தை ஒருமுறை படிக்க வேண்டும். ‘என்ன நடக்கும்’ என்ற ஆவலுக்குப் பதிலாக ‘ஐயோ, இவனுக்குத் தெரியவில்லையே’ என்ற பதைப்பை இளங்கோவடிகள் நமக்குத் தந்துவிடுகிறார். நாடக முரண்நகை என்பது இதுதான்: படிப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது.

அதை எவ்வளவு பொறுமையாக வளர்க்கிறார் என்று பாருங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’: வராதீர்கள் என்று சொல்வதுபோல் அவை கைகாட்டி மறிக்கின்றன. இயல்பாகக் காற்றில் ஆடும் கொடிமேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்ற அணி என்று படித்திருப்போம். சரிதான். ஆனால் அணியின் பெயரோடு நின்றுவிட்டால் அந்த வரியின் வலி நம்மை எட்டாது. கொடிகள் எச்சரிப்பது நமக்குக் கேட்கிறது, அவர்களுக்குக் கேட்கவில்லை. உயிரற்ற துணிக்குத் தெரிந்தது உயிருள்ள இருவருக்குத் தெரியவில்லை.

அடுத்து, கொலைக்களக் காதை. பெயரே முடிவைச் சொல்லிவிடுகிறது. அந்தக் காதையில் கண்ணகி சமைக்கிறாள், கணவனுக்குப் பரிமாறுகிறாள். காப்பியத்தின் மிக அமைதியான குடும்பக் காட்சி இதுதான். அது இருப்பதோ இந்தத் தலைப்பின் கீழ். உணவு முடிந்ததும் கோவலன் சிலம்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ‘மாறி வருவன் மயங்காது ஒழிக’ என்கிறான். மாறி என்றால் விற்று. விற்றுவிட்டு வருகிறேன், கலங்காமல் இரு. ஆனால் ‘மாறி’ என்ற சொல்லின் மற்றொரு பொருள் நம் காதில் ஒலிக்காமல் இருக்குமா? அவன் வேறொரு நிலையில்தான் அவளை மறுபடி சந்திக்கப்போகிறான் என்பது நமக்குத் தெரியுமே. அவன் தெருவில் இறங்கியதும் திமிலுடைய எருது ஒன்று எதிர்ப்படுகிறது. அது தீய நிமித்தம். ‘இழுக்கென அறியான்’ என்று எழுதும் இளங்கோவடிகள் உடனே காரணமும் தருகிறார்: ‘தன்குலம் அறியும் தகுதியன்று ஆதலின்’. ஆயர்களுக்குத் தெரிந்த நிமித்தம் வணிகர் குலத்தில் பிறந்தவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ‘அறியான்’ என்ற அந்த ஒரு சொல்லில் நாடக முரண்நகையின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். அவனைக் குறைசொல்லவும் இடமில்லை. அறியாமை அவன் தவறல்ல.

பிறகு அவன் கடைத்தெருவில் பொற்கொல்லனைச் சந்திக்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன்தான். நகரத்தில் அத்தனை பேர் இருக்க, எந்த ஒருவனிடம் போகக்கூடாதோ அவனிடமே போய், அரசியின் காலுக்கு ஏற்ற சிலம்புக்கு விலைமதிக்க முடியுமா என்று கோவலன் கேட்கிறான். இந்த இடத்தில் முரண்நகையின் மூன்றாவது முகம் தெரிகிறது. இங்கே நிகழ்ச்சியே முரணாக அமைகிறது; இது நிகழ்ச்சி முரண்நகை. இழந்த வாழ்வை மீட்க எடுத்துவந்த சிலம்பு உயிரைப் பறிக்கிறது. பின்பு அதே சிலம்புதான் அரசவையில் உடைந்து, உள்ளிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்து, அவன் குற்றமற்றவன் என்று காட்டுகிறது.

வழக்குரை காதையில் இன்னும் நுட்பமான ஒன்று நடக்கிறது. ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்று கண்ணகியிடம் பாண்டியன் உறுதியாகச் சொல்கிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது. சிலம்பு உடைகிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று அவன் வாயே சொல்கிறது, உயிரும் போகிறது. சற்றுமுன் அவன் அறிவித்த நீதி அவன்மீதே நிறைவேறிவிட்டது. அந்த நீதியைச் சொல்லும்போது தன்னைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

கிரேக்கத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சோபக்ளீஸ் எழுதிய ஈடிபஸ் நாடகத்திலும் இதே அமைப்பைக் காணலாம். முந்தைய அரசனைக் கொன்றவனைச் சபித்து, அவனைத் தேடிப் பிடிக்க ஆணையிடுகிறான் ஈடிபஸ், கொன்றவன் அவனேதான். உண்மையை முதலில் கண்டவர் பார்வையற்ற தீர்க்கதரிசி. வெகு தொலைவில் இருந்த இரண்டு நாடுகளின் கவிஞர்கள், நீதி வழங்கும் அரசனே குற்றவாளி என்ற ஒரே முடிச்சில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நாடக முரண்நகை எப்போதும் அழிவில்தான் முடியுமா? இல்லை. கம்பரின் குகனை எடுத்துக்கொள்ளுங்கள். கங்கையின் மறுகரையில் பரதன் பெரும்படையோடு வருவதைக் குகன் பார்க்கிறான். இராமனோடு போரிடத்தான் வருகிறான் என்று முடிவுகட்டிக் கொதிக்கிறான். ‘தோழமை என்றவர் சொல்லிய சொல்ஒரு சொல்லன்றோ’ என்று உயிரைக் கொடுக்கத் தயாராகிறான். பரதன் வருவது அரசைத் திருப்பித் தருவதற்காக என்று நமக்குத் தெரியும். குகனுடைய கோபம் பெருகப் பெருக நமக்கு அவன்மீது அன்பு பெருகுகிறது. தவறான ஆளின்மேல் பாய்ந்தாலும் அந்தக் கோபத்தின் வேர் நட்பு அல்லவா? அருகில் வந்த பரதனின் கோலத்தைக் கண்டதும் அவன் உருகிப்போய், ‘எம்பெருமான் பின்பிறந்தார் இழைப்பரோ பிழைப்பு’ என்கிறான். அவன் அறியாததை அறிந்துகொண்ட கணத்தில் அவனும் நாமும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறோம். கோவலனுக்கு அந்தக் கணம் வாய்க்கவில்லை. ஒரே கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் நம்மை நொறுக்குகிறார், ஒருவர் நனைக்கிறார்.

நிகழ்ச்சி முரண்நகை என்ற பெயரைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிவிடும் பழக்கம் தொடங்குபவர்களிடம் உண்டு. தற்செயலும் துரதிர்ஷ்டமும் முரண்நகை ஆகிவிடாது. குடை மறந்த நாளில் மழை பெய்தால் அது வெறும் தொல்லை. நினைவாற்றலை வளர்ப்பது எப்படி என்று நூல் எழுதியவர், அதன் கைப்பிரதியை வைத்த இடத்தை மறந்துவிட்டால் அது முரண்நகை. முதலாவதில் மழைக்கும் குடைக்கும் நடுவே ஒரு வாக்குறுதி இல்லை. இரண்டாவதில் இருக்கிறது, எதை நோக்கி ஒருவர் உழைத்தாரோ அதற்கு நேரெதிரான இடத்துக்கு அவர் வந்து சேர்கிறார். 1818இல் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி வெளியிட்ட ‘ஒசிமாண்டியாஸ்’ கவிதையில், பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் சிலையின் பீடத்தில், என் சாதனைகளைப் பார்த்து நம்பிக்கை இழந்துபோங்கள் என்று பிற வலியவர்களுக்கு அறைகூவும் வாசகம் இருக்கிறது. சுற்றிலும் மணல் மட்டும்தான். நிலைத்து நிற்க வெட்டிய வாசகமே எதுவும் நிலைக்காது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

எல்லா முரணும் முரண்நகை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோசல நாட்டைப் பற்றிக் கம்பர், ‘வண்மை இல்லைஓர் வறுமை இன்மையால்’ என்கிறார். அந்த நாட்டில் கொடை இல்லை. ஏனென்றால் வாங்குவதற்கு ஏழைகள் இல்லை. முதலில் குறைபோல் கேட்டுப் பின்பு புகழாக மலர்வதால் வஞ்சப்புகழ்ச்சியின் சாயல் இதில் உண்டு. ஆனால் காரணத்தைக் கவிஞரே அடுத்த சொற்களில் விளக்கிவிடுகிறார். நமக்குக் கண்டுபிடிக்க எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதனால் இதை முரணின் அழகு என்று சொல்வதோடு நான் நின்றுகொள்வேன். மாறுபட்டுச் சொல்பவர்களும் இருக்கலாம். இதுபோன்ற எல்லைக்கோடுகளில் வாதாடுவதும் படிப்பின் ஒரு பகுதிதான்.

நவீன இலக்கியத்துக்கு வந்தால் முரண்நகை இன்னும் ஒடுங்கி, சில சமயம் தலைப்புக்குள்ளேயே குடிபுகுந்துவிடுகிறது. புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய ‘பொன்னகரம்’ கதையின் தலைப்பு பொன்னால் ஆன நகரத்தைக் கற்பனை செய்யவைக்கிறது. கதை நடப்பதோ ஏழ்மை அழுகிக் கிடக்கும் சந்தில். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குக் கஞ்சி வார்க்கப் பணம் இல்லாத அம்மாளு, இருட்டில் ஒருவனோடு மறைந்து காசோடு வருகிறாள். கதையை முடிக்கும்போது ஆசிரியர் நம் பக்கம் திரும்பி, கற்பு கற்பு என்று கதைக்கிறீர்களே, இதுதான் ஐயா பொன்னகரம் என்கிறார். இங்கே அறியாதவர் யார்? அம்மாளுவுக்கு எல்லாம் தெரியும். சௌகரியமாக உட்கார்ந்து கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நமக்குத்தான் தெரியவில்லை. சிலப்பதிகாரத்தில் அறிந்தவர்களாக இருந்த நம்மை அறியாதவர்களின் வரிசைக்கு மாற்றிவிடுகிறார் புதுமைப்பித்தன். படித்து முடித்ததும் ஏற்படும் அந்தக் கூச்சம் கதையின் தற்செயலான விளைவு அல்ல; அதற்காகவே தலைப்பு அப்படி வைக்கப்பட்டிருக்கிறது.

ஞானக்கூத்தனின் ஒரு கவிதை சில சொற்களிலேயே இதைச் செய்கிறது. எனக்கும் தமிழ்தான் மூச்சு, ஆனால் பிறர்மேல் அதை விடமாட்டேன் என்கிறது அது. தமிழே மூச்சு என்பது மேடைகளில் தேய்ந்துபோன உருவகம். அதை அவர் மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டு, மூச்சு என்பதை உண்மையான மூச்சாகவே எடுத்துக்கொள்கிறார். மூச்சு தானே வந்துபோக வேண்டியது. அதைப் பிறர் முகத்தில் ஊதுவது பண்பல்ல. தமிழ்ப்பற்று உள்ளவர் சொல்வதால்தான் அந்த வரிக்கு இவ்வளவு எடை. ‘எனக்கும்’ என்ற சொல்லின் உம்மையை மட்டும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பாதி பலம் போய்விடும்.

முரண்நகைக்கு ஓர் ஆபத்தும் உண்டு: அது புரியாமலே போகலாம். 1729இல் ஜோனதன் ஸ்விஃப்ட் அயர்லாந்தின் வறுமையைப் பற்றி ஒரு சிறு வெளியீடு எழுதினார். ஏழைகளின் குழந்தைகளைச் செல்வர்களுக்கு உணவாக விற்றால் வறுமை தீரும் என்று, கணக்கெல்லாம் போட்டு, மிக அமைதியான குரலில் யோசனை சொல்கிறது அந்த நூல். பேசுபவர் வேறு, ஸ்விஃப்ட் வேறு. இரக்கமே இல்லாத நிபுணர் ஒருவரைப் பேசவிட்டு, ஏழைகளை எண்களாகப் பார்க்கும் மனநிலை எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டினார். அந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு அது ஒரு கொடூரமான நூல். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் பொதுவாக ஒரு தளம் இருந்தால்தான் முரண்நகை நிற்கும். போருக்குத்தான் வேல் என்ற பொதுவறிவு தொண்டைமானுக்கு இல்லாமல் இருந்திருந்தால் ஔவையாரின் தூது வீணாகியிருக்கும். குரலின் ஏற்ற இறக்கமோ முகக்குறிப்போ இல்லாத எழுத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இதனால்தான் நல்ல கவிஞர்கள் எங்காவது ஒரு துப்பை விட்டுவைக்கிறார்கள்: அளவுக்கு மீறிய ஒரு புகழ், பொருந்தாத ஒரு காரணம், கடைசி அடிவரை தள்ளிப்போட்ட ஒரு பெயர்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு குறுந்தொகைப் பாட்டை நீங்களே படித்துப் பாருங்கள். எட்டாம் பாடல், ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுபவள் பரத்தை. தலைவி தன்னைப் பழித்ததாகக் கேள்விப்பட்டு, தலைவியைச் சேர்ந்தவர்களின் காதில் விழும்படி பேசுகிறாள்:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே.

வயலோரத்து மாமரத்தில் பழுத்து உதிரும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊருக்கு உரியவன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பெரிய பேச்செல்லாம் பேசுகிறான். தன் வீட்டில், நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம்போல, தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான்.

மனைவி என்று சொல்லாமல் ‘புதல்வன் தாய்’ என்று ஏன் சொன்னாள்? பழம் தானாக உதிர்ந்ததா, மீன் பறித்ததா? கணவன் உங்களுக்குத்தான் அடங்கி நடக்கிறான் என்பது தலைவிக்குத் தரும் பாராட்டா, வேறொன்றா? யார் காதில் விழ வேண்டும் என்று இது பேசப்பட்டது? விடைகளை நான் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறேன்: கடைசி அடியில் இருக்கும் ‘மேவன செய்யும்’ என்ற தொடரை இன்னொருமுறை பாருங்கள். கயவர்களைத் தேவர்களோடு ஒப்பிட்ட குறளில் வந்த அதே ‘மேவன’. அங்கே அவர்கள் செய்வது தாம் விரும்பியதை. இங்கே இவன் செய்வது அவள் விரும்பியதை.